ஐந்துக்கு எட்டு அடி அர்ஜென்டினா: நித்திரவிளை பக்கத்துக் கொடித் தையல்கடை

2026 கால்பந்து உலகக்கோப்பை நெருங்கிவிட்டது, கொடி எங்கே தைக்கக் கொடுக்கலாம் என்று போன வாரத்தில் மட்டும் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் மொத்தமாக எழுதிவிடுகிறேன். 2022இல் நாங்கள் ஒரு அர்ஜென்டினா கொடியும், அப்பாவுக்காக ஒரு பிரேசில் கொடியும் தைத்து வாங்கிய கடை இது. மூன்றரை வருடம் ஆகிறது, இரண்டு கொடியும் இன்னும் வீட்டு அலமாரியில் மடித்து இருக்கின்றன, அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கடை கன்னியாகுமரி மாவட்டத்து நித்திரவிளையில் இருந்து கடற்கரைக்கு இறங்கும் ரோட்டில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. தைப்பவர் அறுபதைத் தாண்டியவர், அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் டெய்லர் மாமா. இவர் கைக்கு முதலில் பழகியதே கோயில் கொடிதான். சர்ச்சில் பங்குத் திருவிழாவுக்குக் கொடியேற்றினால் பத்து நாளும் கடல்காற்றில் நிற்க வேண்டும், நடுவில் ஓரம் பிரிந்தால் தைத்தவரை ஊரே கேட்கும். அந்தத் தையலைத்தான் கால்பந்துக் கொடிக்கும் போடுகிறார். விலையைக் கேட்டதும் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கரையில் கால்பந்து எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று வரிசையாக எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் மணலில் பந்து உருண்டுகொண்டிருக்கும். இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வரைக்கும் போய் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். உலகக்கோப்பை வந்தால் தெருவுக்குத் தெரு நாடு மாறும். எங்கள் வீட்டுக்குள்ளேயே இரண்டு நாடு: அப்பா பிரேசில், நானும் தம்பியும் அர்ஜென்டினா, அம்மாவுக்கு யார் ஜெயித்தாலும் சந்தோஷம். 2018இல் மட்டும் எங்கள் தெருவில் ஒரு கொடிகூட ஏறவில்லை. ஓகி புயல் அடித்து ஏழு மாதம்கூட ஆகாத நேரம் அது, ஆட்டத்தை எல்லோரும் பார்த்தார்கள், ஆனால் கொடி கட்ட யாருக்கும் மனசு வரவில்லை. அதனால்தான் 2022இல் நல்ல கொடியாகக் கட்ட வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான்.

முதலில் அவன் ஆன்லைனில்தான் வாங்கினான். 349 ரூபாய். வந்த பொட்டலத்தைப் பிரித்ததும் முகம் வாடிவிட்டது. பாலிதீன் மாதிரி மெல்லிய துணி, ஒரு பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெளுத்துக் கிடந்தது. நடுவில் இருக்க வேண்டிய சூரியனுக்கு முகமே இல்லை, முட்டைக்கரு மாதிரி ஒரு மஞ்சள் வட்டம். நவம்பர் நம்ம ஊரில் மழைக்காலம், மாடியில் கட்டி மூன்று நாள் மழை பெய்ததும் நீலம் இறங்கி வெள்ளைப் பட்டையில் பரவிவிட்டது. அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் டெய்லர் மாமாவிடம் போனோம்.

அவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேசைக்கு அடியில் போட்டார். எந்த நாடு என்று கூடக் கேட்கவில்லை, முதல் கேள்வியே வேறு.

"எங்க கட்டப் போறிய? மாடியிலயா, தென்னையிலயா, ரோட்டுக்குக் குறுக்கயா?"

மாடியில் என்றோம். கடலைப் பார்த்த மாடியா, ரோட்டைப் பார்த்த மாடியா என்று அடுத்த கேள்வி. கடல் பக்கம் என்றால் துணி கொஞ்சம் கனமாக வேண்டும், கம்பம் பக்கத்து ஓரத்தில் கேன்வாஸ் பட்டை வைத்து, அதற்குள் வலைக்குப் போடும் நைலான் கயிற்றை ஓடவிட்டு அடிக்க வேண்டும், உப்புக்காற்றில் சாதாரண நூல்கயிறு ஒரு மாதத்தில் இற்றுவிடும் என்றார். இந்த விவரம் எந்த ஆன்லைன் கடைக்காரரும் கேட்கமாட்டார்.

தம்பிக்கு ஆறுக்குப் பன்னிரண்டு அடி வேண்டும் என்று ஆசை. மாமா மேசை டிராயரைத் திறந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். அதில் நாடு நாடாக அளவு எழுதி வைத்திருக்கிறார். அர்ஜென்டினா ஐந்துக்கு எட்டு. பிரேசில் ஏழுக்குப் பத்து. போர்ச்சுகல் இரண்டுக்கு மூன்று, நம்ம இந்தியாவுக்கும் அதே அளவுதான். பெல்ஜியம் பதிமூன்றுக்குப் பதினைந்து, கிட்டத்தட்ட சதுரம். சுவிட்சர்லாந்து முழுச் சதுரம். கத்தார் பதினொன்றுக்கு இருபத்தெட்டு, உலகத்திலேயே அவ்வளவு நீளமான தேசியக்கொடி வேறு கிடையாது. "இஷ்டத்துக்கு நீட்டினா அது கொடி இல்ல மக்களே, தோரணம்" என்றார். தம்பி ஐந்துக்கு எட்டு அடிக்கு ஒத்துக்கொண்டான்.

அந்தச் சூரியனை அவர் தைத்த விதத்தைச் சொல்லாமல் இந்த மதிப்புரை நிறைவடையாது. அர்ஜென்டினா கொடியில் இருப்பது மே மாதச் சூரியன், 1810 மே மாதப் புரட்சியின் நினைவாக வைத்தது. முகம் உண்டு, கதிர்கள் மொத்தம் 32. அதில் 16 நேர்க்கதிர், 16 நெளிந்த கதிர், ஒன்று விட்டு ஒன்றாக வரும். நேர்க்கதிரை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம், நெளிந்ததை வெட்டினால் துணி ஓரம் பிசிறு பிசிறாகப் பிரியும். மாமா என்ன செய்தார் என்றால், மஞ்சள் துணியை முதலில் கஞ்சியில் தோய்த்துக் காயப்போட்டார். எங்கள் பக்கம் வீட்டில் பொங்குவது சம்பா அரிசி, அந்தக் கஞ்சியில் லேசாகச் சிவப்பு ஏறும் என்று மாமி இதற்கென்றே பச்சரிசி போட்டுத் தனியாகக் கஞ்சி வடித்துக் கொடுத்தார். காய்ந்து விறைத்த துணியின் மேல் செய்தித்தாளில் வெட்டிய படிமத்தை வைத்து, டெய்லர் சாக்பீஸால் வரைந்து, சின்னக் கத்தரியால் ஒவ்வொரு நெளிவாக வெட்டினார். இரண்டு சூரியன், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. இரண்டையும் முதுகோடு முதுகு பொருத்தி, ஓரத்தை ஜிக்ஜாக் தையலில் நெருக்கமாக அடித்தார். முகத்துக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் பழுப்பு நூலில் கையாலேயே போட்டார். இப்போது கொடியை எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்த முகம் நம்மைப் பார்க்கும். அலமாரியில் இருந்து எடுத்து இன்று எண்ணிப் பார்த்தேன், 32ம் அப்படியே இருக்கின்றன, ஒரு நெளிவின் நுனியில் மட்டும் நூல் கிளம்பியிருக்கிறது.

குறை: சொன்ன தேதிக்குக் கிடைக்காது. நவம்பர் 19 என்றார், கிடைத்தது 22 ராத்திரி. அந்தக் காலம் கோட்டாறு சவேரியார் திருவிழா நெருக்கம், கிறிஸ்துமஸ் உடுப்புகள் வேறு குவிந்து கிடந்தன, புரிந்துகொள்ளலாம். ஆனாலும் சொன்ன நாளுக்குக் கொடுக்க முடியாவிட்டால் முன்னாலேயே ஒரு போன் செய்யலாம். அதைச் செய்யமாட்டார், நாம்தான் இரண்டு தடவை நடக்க வேண்டும்.

நவம்பர் 22 என்ன நாள் என்று ஆட்டம் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மத்தியானம் 3:30க்குத் தொடங்கிய ஆட்டத்தில் சவூதி அரேபியா இரண்டுக்கு ஒன்று என்று அர்ஜென்டினாவைத் தோற்கடித்தது. தம்பி கட்டிலில் குப்புறப் படுத்துவிட்டான், கொடி வாங்க வரமாட்டேன் என்று பிடிவாதம். நான்தான் எழுப்பி வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டேகால் இருக்கும், கடை டிவியில் டென்மார்க் துனீசியா ஆட்டம் கடைசி நிமிஷத்தில் இருந்தது, கோலே விழவில்லை. மாமா எங்கள் கொடியின் கடைசி ஓரத்தை அடித்துக்கொண்டே தம்பியைப் பார்த்தார். "துணி வெட்டியாச்சு. அவங்களுக்கும் இன்னும் ரெண்டு ஆட்டம் இருக்குல்லா" என்றார், அவ்வளவுதான்.

ஆட்டம் முடிந்தது. நான் எதிர்பார்க்காத ஒன்று அப்போது நடந்தது. மாமா வெட்டு மேசையில் இருந்த துணிகளை எல்லாம் தூக்கி உயரத்தில் இருந்த கொடியில், துணி காயப்போடும் கொடியைச் சொல்கிறேன், மாட்டினார். மேசையை ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்து, குண்டூசி ஒன்றாவது கிடக்கிறதா என்று காந்தத்தை உருட்டிப் பார்த்தார். திரைச்சீலையை விலக்கி மாமி ஒரு சருவத்தில் மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளிதான்), சட்டியில் சாளை மீன் போட்ட புளிமுளக் கறியும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இருந்து மகன் வந்தார், மருமகள் வந்தார், பேரன் டியூஷன் பையோடு ஓடி வந்தான். எங்களுக்கும் இரண்டு தட்டு வந்தது, வேண்டாம் என்று சொல்ல இடமே தரவில்லை. கிழங்கு நன்றாக வெந்து வெடித்திருந்தது, புளிமுளத்தில் மாங்காய் போட்டிருந்தார்கள். எட்டு பேரும் அந்த வெட்டு மேசையைச் சுற்றி நின்றும் உட்கார்ந்தும் சாப்பிட்டோம். (அந்த எட்டில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் உண்டு, அவர் கால்சட்டை வாங்க வந்தவர்.) தலைக்கு மேலே எங்கள் கொடி தொங்கிக்கொண்டிருந்தது.

மாமி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. மகன் விடியற்காலையில் வள்ளத்தில் இருந்து வந்து பகலெல்லாம் தூங்குவார், மருமகளுக்கு மார்த்தாண்டத்தில் ஆஸ்பத்திரி வேலை, ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும், பேரன் டியூஷன் முடிந்து வந்ததும் போனோடு ஒரு மூலை. நாலு பேருக்கு நாலு நேரம் சோறு, சட்டியை நாலு தடவை சூடு பண்ண வேண்டும். உலகக்கோப்பை தொடங்கியதில் இருந்து 6:30 ஆட்டம் முடிந்து 9:30 ஆட்டம் தொடங்குவதற்குள் எல்லோரும் தானாக மேசைக்கு வந்துவிடுகிறார்கள், டிவி கடையில்தானே இருக்கிறது. "இந்த மேசையில எல்லாரும் சேர்ந்து உண்டு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா பிள்ளே" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. அப்பா ஆழ்கடலுக்குப் போனால் முப்பது நாற்பது நாள் ஆகும், அவர் இல்லாத நாட்களில் அம்மா ஏழு மணி செபமாலை முடித்து இரண்டு வாய் கஞ்சி குடித்துவிடுவார், நான் வேலை முடித்து வந்து பத்து மணிக்கு, தம்பி எப்போது என்று அவனுக்கே தெரியாது. மறுநாளில் இருந்து அம்மா நேரத்தை மாற்றினார். குடும்ப செபம் சாயங்கால மணி அடித்ததும் ஆறு மணிக்கே, அப்புறம் ஆட்டம், எட்டரைக்கு மூன்று பேரும் சாப்பாடு. முதல் சுற்றின் கடைசி நாட்களில் ஆட்டங்கள் 8:30க்கும் 12:30க்கும் மாறியதும் சாப்பாடும் ஏழரைக்கு மாறியது, பத்தே முக்காலுக்குக் கட்டன் சாயாவும் ஏத்தங்காய் வற்றலும். டிசம்பர் 9 ராத்திரி பிரேசிலும் குரோஷியாவும் பெனால்டி வரை போனதில் அந்தச் சாயாவும் அடுப்பிலேயே ஆறிப்போனது. பிரேசில் தோற்றதை அப்பாவுக்கு யார் சொல்வது என்று அம்மா கவலைப்பட்டார். புதிதாகக் கடலுக்குப் போன போட்டுக்காரர்கள் ஒயர்லெஸ்ஸில் சொல்லி அவருக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்ததாம்.

டிசம்பர் 18 ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், 3-3, பெனால்டியில் 4-2. அன்று மட்டும் எந்த நேரமும் செல்லுபடியாகவில்லை, ராத்திரி பதினொன்றரைக்கு மேல்தான் அம்மா மீன்கறியைத் திரும்பச் சூடுபண்ணினார், தெருவில் வெடி போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சோறு போட்டார்.

சரி, பிரேசில் கொடிக்கு வருகிறேன். மூன்றரைக்கு ஐந்து அடி, அதாவது ஏழுக்குப் பத்துக் கணக்கு சரியாக வந்தது. பச்சை, மஞ்சள் சாய்சதுரம், நீல வட்டம் மூன்றும் தனித்தனித் துணி, தையல் கச்சிதம். குறுக்கே வளைந்து போகும் வெள்ளைப் பட்டையில் "ஒழுங்கும் முன்னேற்றமும்" என்ற பொருளில் அவர்கள் பாஷையில் எழுத்து வரும், அதைப் பச்சை நூலில் எழுத்துப் பிழையில்லாமல் எடுத்திருக்கிறார். ஆனால் நட்சத்திரங்கள் 27, அதைத் தைக்கவில்லை, துணிப் பெயின்ட்டில் வைத்துவிட்டார். முதல் மழைக்கே ஐந்தாறு மங்கிவிட்டன, இப்போது பாதி நட்சத்திரம் தேடித்தான் பார்க்க வேண்டும். அர்ஜென்டினா சூரியனுக்கு அவ்வளவு உழைத்தவர் இதில் அவசரப்பட்டது எனக்கு வருத்தம், அப்பாவுக்கு இன்னும் வருத்தம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கரைக்கு வந்தவர் தோற்ற கொடியை நாங்கள் கழற்றவில்லை என்று பார்த்துச் சந்தோஷப்பட்டார், அப்புறம் பக்கத்தில் போய் நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. பிரேசில் தைக்கக் கொடுப்பவர்கள் நட்சத்திரத்தை நூலில் போடச் சொல்லி முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், கூடக் கொஞ்சம் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.

இரண்டு விஷயத்தில் மாமா கண்டிப்பு. ஒன்று, நம்ம தேசியக்கொடியை வேறு கொடியோடு ஒரே கம்பத்தில் கட்ட அவர் தைத்துத் தரமாட்டார். தனிக் கம்பம் வேண்டும், மற்றக் கொடியைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது, தாழ்ந்தும் பறக்கக்கூடாது, அதில் எந்த எழுத்தும் வரக்கூடாது. கொடி விதிமுறையில் இருப்பதுதான் இது எல்லாம், 2022 ஜூலையில் இருந்து ராத்திரியிலும் இறக்காமல் பறக்கவிடலாம் என்று மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். இன்னொன்று, சவூதி கொடி. அந்த வெற்றிக்கு அடுத்த நாள் தமாமில் வேலை பார்க்கும் மகனுக்காக ஒருவர் கேட்டு வந்தாராம். அதில் இருப்பது கலிமா, இஸ்லாத்தின் உறுதிமொழி, அரபு தெரியாத கையால் அதைத் தைத்து ஒரு புள்ளி மாறினால்கூடத் தவறு, தரையில் படும்படி வைக்கவும் கூடாது, நான் தைக்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று நினைக்கிற ஆள். இந்த மரியாதைக்காகவே நான் மறுபடியும் அங்கே போவேன்.

விலை: 2022இல் அர்ஜென்டினாவுக்குத் துணியோடு சேர்த்து 1,400, பிரேசிலுக்கு 1,100. பில் கிடையாது, பணமாகத்தான் வாங்குவார். அச்சடித்த கொடியோடு ஒப்பிட்டால் நாலு மடங்கு. ஆனால் எங்கள் அர்ஜென்டினா அந்த மழையில் ஒரு மாதம், அப்புறம் 2024 கோபா அமெரிக்கா கால்பந்துப் போட்டி சமயம் இரண்டு வாரம் மாடியில் பறந்தது, சாயம் இறங்கவில்லை, கயிறு இற்றுப்போகவில்லை. இந்த வருடம் விலை ஏறியிருக்கிறது, போன வாரம் கேட்டபோது ஐந்துக்கு எட்டு அடிக்கு 1,800 சொன்னார்.

போன வாரம் எதற்குப் போனேன் என்றால், அப்பாவின் கொடிக்கு நட்சத்திரத்தைத் திருப்பிப் போட. இந்த உலகக்கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாட்டில், 48 அணி, 104 ஆட்டம். நம்ம மேற்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள், முழு உலகக்கோப்பையும் தடைக்காலத்துக்குள் வருகிறது. போட்டுகள் எல்லாம் கரையில் நிற்கும், அப்பா வீட்டில் இருப்பார். போன தடவை கடலில் இருந்த எத்தனை அப்பாக்கள் இந்தத் தடவை டிவி முன்னால் இருப்பார்கள் என்று நினைத்தாலே மனசு நிறைகிறது. தடைக்காலத்தில் கையில் காசு குறைவு என்பதும் உண்மைதான், அதனால் நாலு வீடு சேர்ந்து ஒரு கொடி தைப்பது நல்லது, எங்கள் தெருவில் அப்படித்தான் பேசியிருக்கிறோம்.

நேரம்தான் இந்தத் தடவை வேறு மாதிரி. தொடக்க ஆட்டமும் இறுதி ஆட்டமும் நமக்கு நள்ளிரவு 12:30. பல ஆட்டங்கள் விடிந்த பிறகு வரும். அர்ஜென்டினாவின் முதல் ஆட்டம் அல்ஜீரியாவோடு, நமக்கு ஜூன் 17 புதன்கிழமை காலை 6:30. எங்கள் ஊரில் காலைப் பலகாரத்துக்கே காப்பி என்றுதான் பெயர், அந்தக் காப்பி நேரம் அது. ராச்சாப்பாட்டை வைத்து ஒன்றுசேர்ந்த வீடு இப்போது காலைக் காப்பிக்கு ஒன்றுசேர வேண்டும். அம்மா இப்போதே சொல்லிவிட்டார், அன்றைக்கு ஆறு மணிக்குப் புட்டும் பயறும் பப்படமும் ரெடியாக இருக்கும், ஆட்டம் முடியும் வரை யாரும் எழுந்து போகக்கூடாது என்று. எனக்கு வேலைக்குப் போகும் பஸ் 8:40க்கு, சரியாக இருக்கும்.

டெய்லர் மாமா வீட்டிலும் கேட்டேன். பேரன் இப்போது ஒன்பதாம் வகுப்பு, கேப் வெர்டே, குராசாவ், ஜோர்டான், உஸ்பெகிஸ்தான் என்று முதல் தடவையாக வரும் நாடுகளின் கொடியை எல்லாம் அவனே நோட்டில் அளவோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறான். அவன் கையெழுத்து தாத்தா கையெழுத்துக்குக் கீழே வரிசையாக இருக்கிறது. மேசையை யார் எத்தனை மணிக்குத் துடைப்பது என்றுதான் அங்கே இப்போது பேச்சு.

கொடுக்க நினைப்பவர்கள் மே முடிவதற்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள், ஜூனில் போனால் ஜூலையில்தான் கிடைக்கும். எங்கே கட்டப் போகிறீர்கள், எந்தப் பக்கத்துக் காற்று என்று யோசித்து வைத்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார். அளவு பார்க்கச் சாயங்காலம் ஏழு மணிக்குள் போவது நல்லது. எட்டரைக்குப் போனால் மேசையில் துணி விரிக்க இடம் இருக்காது, உங்களுக்கும் ஒரு தட்டு வைத்துவிடுவார்கள்.